நன்கொடையும் நிபந்தனையும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பொது நிறுவனங்களின் பொருளாதார அடிப்படை பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடந்த இரு நூற்றாண்டுச் சமூக வரலாற்றை எழுதப் புகுந்தோர் பாடசாலைகள், சபைகள், சங்கங்கள், வாசிகசாலைகள் ஆகியவற்றைப் பற்றி மிகுதியாக எழுதியுள்ளனர். அவற்றைத் தோற்றுவித்த பெரியார்களின் தியாகமும் விடாமுயற்சியும் நினைவு மலர்களில் விரிவாகப் பதியப்பெற்றுள்ளன. ஆயின் அந்நிறுவனங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அது எத்தகைய நிபந்தனைகளுடன் வந்தது, அந்நிபந்தனைகள் எந்தச் சாதியினர்க்கும் வர்க்கத்தினர்க்கும் வாய்ப்பாக அமைந்தன என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. ஒரு நிறுவனத்தின் கொள்கையை அதன் யாப்பிலிருந்து மட்டும் அறிந்துவிட முடியாது. அதன் கணக்குப் புத்தகமும் உடன்வைத்து நோக்கப்படவேண்டும். இக்கட்டுரை அந்நோக்கில் எழுதப்படும் ஒரு முதனிலை முயற்சியாகும்.

இன்று 'சமுதாய நிதியம்' என்று பேசப்படும் அமைப்பின் முதல் வடிவம் 1914 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் பிரெடரிக் கொஃப் என்னும் வங்கியாளரால் உருவாக்கப்பட்டது. இறந்துபோன செல்வர்கள் விட்டுச்சென்ற சொத்துக்களை ஒரே நிதியாகத் திரட்டி, அதன் வருவாயை அவ்வூரின் பொதுநல அமைப்புகளுக்கு, உள்ளூர்க் குழுவொன்றின் தீர்மானப்படி வழங்குவதே அதன் முறை. அதே 1914 ஆம் ஆண்டில் வடமராட்சியில், ஒடுக்கப்பட்ட சமூகமொன்றிற் பிறந்த கா. சூரன் என்பவர் தேவரையாளி சைவ வித்தியாசாலையை நிறுவினார். ஒன்று வங்கியில் மூலதனம் குவிந்திருந்த இடத்தில் தோன்றியது. மற்றது மூலதனம் என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லாத இடத்தில் தோன்றியது. இவ்விரண்டுக்கும் நேர்த்தொடர்பு எதுவும் இல்லை. எனினும் நன்கொடை பற்றிய வரலாற்றில் இவ்விரு துருவங்களையும் ஒருசேர மனங்கொள்ளுதல் பயனுடையது.

1

குடாநாட்டில் நிறுவனமயப்பட்ட நன்கொடையின் வரலாறு 1816 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனின் வருகையோடு தொடங்குகின்றது எனலாம். அதற்கு முன்னர்க் கொடை இருக்கவில்லை என்பது இதன் பொருளன்று. கோயில் மானியம், மடம், கேணி, சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல் எனப் பல வடிவங்களில் அது இருந்தது. ஆனால் அக்கொடையின் நோக்கம் புண்ணியமும் ஊர்மதிப்புமாகும். மிஷனின் பணமோ வேறுவகையானது. அது கடல் கடந்து, பொஸ்ரன் நகரிலிருந்த சபையொன்றின் கணக்கினூடாக, ஆண்டுதோறும் அறிக்கை கேட்டு வந்த பணம்.

இப்பணத்தின் இயல்பைத் தமிழ் இலக்கிய வரலாறு படிப்போர் தம்மையறியாமலே நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். பாவலர் சரித்திர தீபகத்தை இயற்றியவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். அவருள் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. அகராதிப் பணியாற் புகழ்பெற்றவர் வைமன் கதிரைவேற்பிள்ளை. ஆர்னல்ட், கறல், வைமன் என்பன எங்கிருந்து வந்தன? விடுதிப் பாடசாலையில் ஒரு பிள்ளையின் உணவுக்கும் கல்விக்கும் பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளர், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. கொடுத்தவன் பெயர் கட்டடத்தில் மட்டுமன்றி, பெற்றவன்மீதே பொறிக்கப்பட்டது. நன்கொடை என்பது ஓர் உறவு, அவ்வுறவில் இரு தரப்பினரும் சமமானவரல்லர் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்நிதியின் நிலையாமையும் விரைவில் வெளிப்பட்டது. 1837 ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க் வங்கிகள் நாணயப் பட்டுவாடாவை நிறுத்தின. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகள் விளைவித்த பருத்தியின் விலை வீழ்ச்சியும், அப்பருத்தியை நம்பி எழுந்த கடன் வணிகத்தின் சரிவும் அந்நெருக்கடிக்கான காரணங்களுட் சில. பொஸ்ரன் சபை தன் செலவினத்தைக் குறைத்தது; அதன் விளைவாகக் குடாநாட்டுக் கிராமங்களில் மிஷன் நடத்திய இலவசப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் மணலில் எழுதிப் படித்த சிறுவர்கள், தாம் ஒருபோதும் கண்டிராத ஒரு சந்தையின் ஏற்ற இறக்கத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். முதலாளித்துவ உலகச் சந்தையுடன் யாழ்ப்பாணம் பிணைக்கப்பட்ட வரலாற்றைப் புகையிலையையும் உத்தியோகத்தையும் கொண்டே விளக்குவது வழக்கம். தருமப் பணமும் அப்பிணைப்பின் ஒரு கண்ணியாகும்.

1823இல் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டை செமினறி 1855இல் மூடப்பட்டமையும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது. பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழுவின் தலைவரான ரூபஸ் அண்டர்சன், ஆங்கிலவழி உயர்கல்வி சமயப் பணியாளரைக் காட்டிலும் உத்தியோகம் தேடுவோரையே உருவாக்குகின்றது எனக் கருதினார். கொடுப்போரின் நோக்கமும் பெறுவோரின் நோக்கமும் வேறுபட்டிருந்தன. குடாநாட்டு மத்தியதர வர்க்கம் கல்வியை வாழ்க்கை வழியாகக் கண்டது. மிஷன் அதனை மதமாற்ற வழியாகக் கண்டது. முரண்பாடு முற்றியவிடத்துத் தீர்ப்புச் சொன்னது பணம் வைத்திருந்த தரப்பே. பின்னர் உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் முன்முயற்சியாலேயே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆயினும் அதற்கெனச் சேர்ந்த மூலதன நிதியின் தருமகர்த்தாக்கள் அமெரிக்காவிலேயே இருந்தனர்.

2

ஆறுமுக நாவலரின் முயற்சிகளை இப்பின்னணியிலேயே வைத்து விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அவருக்குப் பின்னால் எந்தச் சபையும் இருக்கவில்லை. வீடுதோறும் சேர்த்த பிடியரிசியும் வணிகர் தந்த பணமும் அச்சுக்கூடத்திலிருந்து வந்த நூல்விற்பனையுமே அவருடைய நிதி. மிஷனின் அமைப்பு முறையை நன்கறிந்திருந்த அவர், பாடசாலை, அச்சகம், பாடநூல், பிரசங்கம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று பிணைத்து இயக்கினார். பிடியரிசி முறை குறிப்பிடத்தக்கது. அது சிறுதொகை, ஆனால் வெளியார் எவருக்கும் கணக்குச் சொல்லவேண்டாத தொகை. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும் பெண்களே அதன் உண்மையான நன்கொடையாளர் என்பதும், அவர்களுள் ஒருவரின் பெயரேனும் எழுதப்பட்ட வரலாற்றில் இல்லை என்பதும் நாம் மறக்கலாகாதவை.

ஆனால் இம்முறைக்கும் எல்லை இருந்தது. நாவலர் 1872இல் தொடங்கிய சைவாங்கல வித்தியாசாலை என்னும் ஆங்கிலப் பாடசாலை பணமின்மையால் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. தமிழ்த் திண்ணைக் கல்வியைப் பிடியரிசியால் நடத்தலாம். ஆங்கிலக் கல்விக்கு அது போதவில்லை. மற்றோர் எல்லை இன்னும் ஆழமானது. பிடியரிசி தந்த வீடுகளுக்கும் வித்தியாசாலையின் வாங்குகளில் அமர்ந்த பிள்ளைகளுக்கும் சாதி வரையறை இருந்தது. சுதேச நிதி சுதந்திரமான நிதியாயிருந்தது. ஆனால் அச்சுதந்திரம் சமூகத்தின் மேற்படியில் நின்றோரின் சுதந்திரமாகவே இருந்தது. நாவலரை ஏகாதிபத்திய எதிர்ப்பாளராக மட்டும் காண்போரும், சாதியாசாரவாதியாக மட்டும் காண்போரும் இவ்விரு உண்மைகளுள் ஒன்றைக் கைவிடுகின்றனர்.

3

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து, தனியார் பாடசாலைகளுக்கு அரசினர் உதவி நன்கொடை வழங்கும் முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இது நடுநிலையான திட்டமே. எந்தச் சமயத்தினரும் பாடசாலை நடத்தலாம். வரவுக்கும் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் ஏற்பப் பணம் வழங்கப்படும். ஆனால் பணம் கிடைப்பதற்கு முன்னரே கட்டடம், தளபாடம், ஆசிரியர், போதிய மாணவர் வரவு யாவும் இருத்தல் வேண்டும். அதாவது உதவி பெறுவதற்கு, உதவி தேவைப்படாத நிலையை முதலில் எய்தவேண்டும். மூலதனம் உடையோர்க்கே மேலும் பணம் சேர்ந்தது. அரைநூற்றாண்டாக ஊரூராகப் பாடசாலைகளை அமைத்திருந்த மிஷன்கள் இயல்பாகவே முந்திக்கொண்டன.

1890களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கால்மைல் விதி இந்நிலையை இறுகச் செய்தது. ஏற்கெனவே உள்ள உதவி பெறும் பாடசாலையிலிருந்து கால்மைல் தொலைவுக்குள் புதிய பாடசாலைக்கு நன்கொடை இல்லை என்பது அதன் சாரம். வீண்செலவைத் தவிர்ப்பதே நோக்கம் எனச் சொல்லப்பட்டது. குடாநாட்டின் நெருங்கிய கிராம அமைப்பில் அது முன்வந்தோர்க்கு வழங்கப்பட்ட ஏகபோக உரிமையாயிற்று. சைவ மறுமலர்ச்சி என்று நாம் அழைக்கும் இயக்கத்தின் வேகத்துக்கு ஆன்மிகக் காரணங்களைப் போலவே இந்நிதி விதிகளும் காரணமாயிருந்தன. 1888இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. மறு ஆண்டு இந்து ஓகன் பத்திரிகை வெளிவந்தது. 1890இல் சபை இந்து உயர்தர பாடசாலையைப் பொறுப்பேற்றது. பின்னாளில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்த அப்பாடசாலையின் மூலவித்தை 1886இல் இட்டவர் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. அவரும் செமினறியின் மாணவர். மிஷன் பெயரைத் தாங்கிய ஒருவர் சைவக் கல்லூரியின் தோற்றத்துக்குக் காரணராயினார் என்பது முரண்நகையாகத் தோன்றலாம். நன்கொடை தன் பெயரைப் பொறிக்கலாம், பெற்றவனின் செயலை முற்றாக ஆளமுடியாது என்பதே அதன் வரலாற்றுப் பொருள்.

1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் நிறுவப்பட்டது. இந்து போட் எனப் பரவலாக அறியப்பட்ட இச்சங்கம், சு. இராசரத்தினத்தின் உழைப்பால் பல பாடசாலைகளை நிறுவி அரசினர் நன்கொடைக்குள் கொண்டுவந்தது. இவ்வளர்ச்சிக்குக் கடல்கடந்த பணமும் உதவிற்று. மலாயாவின் றெயில்வே, தபால், திறைசேரி அலுவலகங்களில் எழுதுவினைஞராயிருந்த யாழ்ப்பாணத்தவர் அனுப்பிய பணமும், ஓய்வுபெற்றுத் திரும்பிய மலாயன் பென்சனியர்களின் சேமிப்பும் கோயில் திருப்பணியாகவும் பாடசாலைக் கட்டடமாகவும் மாறின. 'மணியோடர் பொருளாதாரம்' என ஆய்வாளர் குறிப்பிடும் அமைப்பின் பொதுநல முகம் இதுவாகும்.

4

நன்கொடை யாருடைய கருவி என்னும் வினா 1929-1930 ஆம் ஆண்டுகளில் மிகக் கூர்மையாக எழுந்தது. அக்காலம்வரை உதவி பெறும் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலோ புறம்பான இடத்திலோ அமர்ந்தே படிக்கவேண்டியிருந்தது. பல பாடசாலைகளில் அவர்களுக்கு இடமே இருக்கவில்லை. அரசினர் பணம் பெறும் பாடசாலையில் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் எனக் கல்வித் திணைக்களம் பணித்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் அமைப்புகள் இதற்காக இடையறாது விண்ணப்பித்து வந்தன. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ் சம ஆசனத்தையும் சம போசனத்தையும் தன் வேலைத்திட்டமாகக் கொண்டிருந்தது.

எதிர்ப்புக் கடுமையாயிருந்தது. பெற்றோர் பிள்ளைகளை மறித்தனர். கட்டளையை மீளப்பெறுமாறு அரசினர்க்கு மனுக்கள் அனுப்பப்பட்டன. சில பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. பாடசாலை எரிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது பிறர் செய்த கொடுமைகளே. நம்மவர் நம் பிள்ளைகளுக்கு எதிராக மூட்டிய தீயையும் நமது வரலாற்றில் எழுதிவைத்தல் ஆய்வாளர் கடமை.

இந்நிகழ்ச்சி எளிய முடிவுகள் இரண்டை மறுக்கின்றது. வெளியிலிருந்து வரும் பணமும் அதன் நிபந்தனையும் எப்போதும் ஆதிக்கத்தின் கருவிகளே என்பது ஒன்று. சுதேச நிதி இயல்பிலேயே முற்போக்கானது என்பது மற்றது. இங்கே குடியேற்றநாட்டு அரசின் நிபந்தனை சாதி ஆதிக்கத்துக்கு எதிரான நெம்புகோலாயிற்று. உள்ளூர் முகாமையாளரின் சுதந்திரமோ அவ்வாதிக்கத்தின் அரணாயிற்று. எனினும் அரசு தானாக அருள்செய்தது என்று கொள்வதும் தவறு. நன்கொடை விதிகள் அறுபதாண்டுகளாக நடைமுறையில் இருந்தன. கீழிருந்து கோரிக்கை எழுந்து, அதற்கு மேல்தட்டு இளைஞருள் ஒரு பகுதியினரும் ஆதரவளித்த பின்னரே சம ஆசனம் ஒரு நிபந்தனையாயிற்று. கட்டளை பிறந்த பின்னரும் அது நடைமுறையாவதற்குப் பல்லாண்டுகள் சென்றன.

தேவரையாளியின் முக்கியத்துவம் இங்கேதான் புலனாகின்றது. தம் பிள்ளைகளைச் சேர்க்கப் பாடசாலை இல்லாதவிடத்துத் தாமே பாடசாலையை அமைத்தல் என்பது சூரன் கண்ட வழி. அவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்தமை நமக்குக் கிடைத்த பேறு. கொடையாளர் வரலாறுகள் நிறைந்த ஒரு சமூகத்தில், கொடை மறுக்கப்பட்டவர் எழுதிய நிறுவன வரலாறு அது. அப்பாடசாலையிலிருந்து கல்விமான்களும் ஈழத்து இலக்கியத்தில் தடம்பதித்த எழுத்தாளர்களும் தோன்றினர். தெணியான் அவர்களுள் நன்கறியப்பட்டவர்.

1940களின் தொடக்கத்தில் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபை வேறொரு திசையிற் சென்றது. உதவி நன்கொடை முறையில் முகாமையாளர் என்னும் இடைத்தரகர் இருக்கும்வரை தம் மக்களுக்கு நீதி கிடையாது என்பதை அனுபவத்தாற் கண்ட அவ்வமைப்பு, நேரடி அரசினர் பாடசாலைகளையே கோரியது. 1956இன் பின்னர் எம். சி. சுப்பிரமணியம் முதலியோரின் முயற்சியால் அத்தகைய பாடசாலைகள் சில பெறப்பட்டன. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றபோது, ஒரு நூற்றாண்டு நிலவிய நன்கொடை முறை முடிவுற்றது. தத்தம் நிறுவனங்களை இழந்தோர்க்கு அது பறிப்பு. முகாமையாளரின் வாசலில் நின்றோர்க்கு அது விடுதலையின் ஒரு படி. அதேவேளை, 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய அரசிடமே தமிழ்ப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை சென்றடைந்தன என்ற முரண்பாட்டையும் நாம் மூடிமறைக்கத் தேவையில்லை.

5

பாடசாலைக்கு வெளியே வேறு வகையான நிறுவனங்களும் வளர்ந்தன. ஐக்கிய நாணய சங்கங்களும், மூளாயில் எழுந்த கூட்டுறவு வைத்தியசாலையும் பங்குப் பணத்தை அடிப்படையாகக் கொண்டவை. நன்கொடை பெறுபவன் நன்றி சொல்லவேண்டும்; பங்குதாரன் கணக்குக் கேட்கலாம். இவ்வேறுபாடு சிறிதன்று.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு மற்றொரு வகையில் முன்னுதாரணமானது. க. மு. செல்லப்பாவின் முயற்சியால் 1934 ஆம் ஆண்டில் 844 நூல்களோடு ஒரு வாடகை அறையில் தொடங்கிய அந்நூலகம், அடுத்த ஆண்டே நகராட்சி அமைப்பின் பொறுப்புக்குக் கையளிக்கப்பட்டது. தனியாரின் முயற்சியும் பொதுமக்களின் பணமும் தெரிவுசெய்யப்பட்ட சபையொன்றின் சொத்தாயின. களியாட்ட விழாவும் அதிர்ஷ்டலாபச் சீட்டும் இசை நிகழ்ச்சியும் கொண்டு கட்டட நிதி திரட்டப்பட்டது. புதிய கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டு அரச காவற்படையினர் அதனை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. சந்தா கட்டியவனும் சீட்டு வாங்கியவனும் அதனைத் 'தன்' நூலகம் என உணர்ந்தமையாலேயே அவ்விழப்பு கற்றோரின் துயராக மட்டும் அமையாமல் மக்கள் துயராயிற்று.

கிராமமட்டத்தில் இதே பணியைச் செய்தவை வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களுமாகும். பத்திரிகை, முன்பள்ளி, விளையாட்டுக் கழகம், நாடக மேடை யாவும் ஒரே கூரையின்கீழ் இயங்கின. அங்கத்தவர் சந்தாவும், கிராமச் சங்கங்களும் அவற்றின் வழிவந்த உள்ளூராட்சி அமைப்புகளும் வழங்கிய சிறு நன்கொடையும் அவற்றின் நிதி. முற்போக்கு இலக்கியத்தின் வாசகர் பலர் இந்நிலையங்களின் வாங்குகளில் உருவானவர்களே. ஆனால் இங்கும் குறிச்சிக்கொரு நிலையம் என்பது பல ஊர்களில் சாதிக்கொரு நிலையம் என்பதன் மறுபெயராயிருந்தது. சனசமூகம் என்ற சொல்லில் இருந்த 'சனம்' யார் என்பது நிலையத்துக்கு நிலையம் வேறுபட்டது.

6

1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்களைப் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்படுத்தியது. போரும், 1995 ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்திலிருந்து நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வும் உள்ளூர் நிறுவனங்களை நிலைகுலையச் செய்தன. கட்டடங்கள் இடிந்தன, பதிவேடுகள் அழிந்தன, நிர்வாக சபைகள் சிதறின. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் திட்டங்களுடன் வந்தன. போரின் பின்னர்ச் சில ஆண்டுகள் அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பாதுகாப்பு அமைச்சின்கீழ் இருந்தது என்பது, நன்கொடையை அரசு எக்கண்கொண்டு நோக்கியது என்பதைப் புலப்படுத்தும்.

இப்புதிய நன்கொடைகளின் நடைமுறையை நோக்கின், 1870களின் விதிகளை நினைவூட்டும் கூறுகள் பல உள. பதிவுச் சான்றிதழ், கணக்காய்வு அறிக்கை, வங்கிக் கணக்கு, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட திட்ட முன்மொழிவு ஆகியன முன்நிபந்தனைகள். இவற்றை உடைய அமைப்பு, நகரில் அலுவலகமும் ஆங்கிலம் அறிந்த ஊழியரும் உடைய அமைப்பே. கரையோரக் குடிசையில் கூடும் மீனவப் பெண்கள் சங்கம் தன் வரவு செலவை அப்பியாசக் கொப்பியில் நேர்மையாக எழுதிவைத்திருக்கலாம். அது கணக்காகக் கொள்ளப்படுவதில்லை. ஈராண்டு, மூவாண்டுத் திட்டம் முடிந்ததும் பணம் நின்றுவிடுகின்றது. 1837இல் நிகழ்ந்தது போலவே, காரணம் கொழும்பிலோ ஐரோப்பாவிலோ இருக்கின்றது. புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணமோ பெரும்பாலும் தாம் படித்த பாடசாலைக்கும் தம் ஊர்க் கோயிலுக்கும் செல்கின்றது. அவ்வன்பு மெய்யானது, எனினும் பழைய மாணவர் சங்கம் இல்லாத பாடசாலைக்கும், வெளிநாடு செல்லக் காணி விற்க இயலாதோரின் குறிச்சிக்கும் அதில் பங்கில்லை. இவ்வாறாக இன்றைய கொடை நேற்றைய ஏற்றத்தாழ்வின் வரைபடத்தின்மீதே பாய்கின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடிய முடிவு யாது? வெளிப்பணத்தை மறுத்தல் என்பதன்று. நமது பணமே போதும் என்பதுமன்று. பணத்தின் ஊற்றைக் காட்டிலும் அதனைப் பங்கிடும் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் யார் என்பதே தீர்க்கமான வினா. பொஸ்ரன் சபையில் யாழ்ப்பாணத்தவர் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சபைகளில் ஒடுக்கப்பட்டோர் இருக்கவில்லை. பிடியரிசி தந்த பெண்கள் எந்தச் சபையிலும் இருக்கவில்லை. 1999இல் நீலன் திருச்செல்வம் கொல்லப்பட்ட பின்னர் அவர் பெயரால் உருவான நிதியம் போன்றவை, நாட்டுக்குள்ளேயே நின்று சிறு அமைப்புகளுக்கு நன்கொடை வழங்கும் முறையை முயன்றுள்ளன. குடாநாட்டளவில் ஒரு சமுதாய நிதியம் அமையுமாயின், அதன் மூலதனம் எவ்வளவு என்பதற்கு முன்னர், அதன் குழுவில் புகையிலைத் தோட்டக் கூலியாளரும் கடற்றொழிலாளரும் முன்பள்ளி ஆசிரியையும் வாக்குரிமையுடன் அமர்வாரா, அதன் விண்ணப்பம் தமிழில் இருக்குமா, அப்பியாசக் கொப்பிக் கணக்கை அது ஏற்குமா என்பன கேட்கப்படவேண்டும்.

சம ஆசனம் என்னும் கோரிக்கை 1930இல் பாடசாலை வாங்கைப் பற்றியதாயிருந்தது. நிதியைத் தீர்மானிக்கும் சபைகளின் ஆசனங்களைப் பொறுத்தவரை அக்கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.